சதவீதம் கொல்வதில்லை

மதுரையில் நெஞ்சுவலி என்று ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், பார்க்க வருகிற சொந்தபந்தம் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பர்சன்ட் அடைப்பாம்?" கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி வாசலிலும் இதே கேள்விதான், தனியார் மருத்துவமனைகளின் குளிரூட்டிய கூடங்களிலும் இதே கேள்விதான். தொண்ணூறு என்று பதில் வந்தால் முகங்கள் இருண்டுபோகின்றன. "நாப்பதுதானாம்" என்றால் எல்லோருக்கும் மூச்சு வருகிறது. கொஞ்ச காலம் போனதும், "நாப்பதுக்கு எதுக்கு இம்புட்டு மாத்திரை" என்று மாத்திரையும் நின்றுபோகிறது.

அந்தக் கேள்வியை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி, கொழுப்பு உப்புக் கறைபோல அதில் படிகிறது, வருடக் கணக்கில் துவாரம் குறுகிக்கொண்டே வருகிறது, நூறு சதவீதம் ஆகிற அன்று மாரடைப்பு. படித்தவர், படிக்காதவர், அரசு ஊழியர், மண்டி வியாபாரி என்று எல்லோரும் நம்புவது இதைத்தான். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் விற்பவர்களின் விளம்பரங்களும், அடைப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கஷாயங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன. இந்த நம்பிக்கை தவறு. இதனால் ஆட்கள் சாகிறார்கள்.

முதலில், கொழுப்பு எங்கே சேர்கிறது என்று பார்ப்போம். அது குழாயின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சுவருக்குள்ளே இருக்கிறது. ரத்தத்தில் மிதமிஞ்சிய எல்.டி.எல். என்ற கொழுப்புத் துகள்கள் தமனியின் உட்படலத்தைக் கடந்து சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்கின்றன. சிக்கியவை அங்கே கெட்டுத் திரிகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி உப்பி, பல அங்கேயே மடிகின்றன. செத்த அணுக்களும் கொழுப்பும் குழைந்த கூழ் நடுவில் தேங்க, அதன்மேல் நார்த்திசுவால் ஆன ஒரு மூடி வளர்கிறது. கூழும் மூடியும் சேர்ந்ததுதான் திட்டு. தோலுக்கடியில் சீழ் கோத்த கொப்புளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு பெரிது என்பதைவிட அதன் தோல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதுதான் அது உடையுமா என்பதைச் சொல்லும்.

அந்தத் தோலின் மெலிவை அளந்து சொன்னவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் நோய்க்கூறியல் நிபுணர் ரேணு விர்மானி. திடீரென்று இறந்தவர்களின் இதயங்களை அறுத்து, தமனிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து அவரும் அவர் குழுவினரும் சொன்னது: உடைந்த திட்டுகளின் மூடி, உடைந்த இடத்தருகே பெரும்பாலும் 65 மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரைப் பதினைந்தாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. மூடியை மெலியவைப்பது உள்ளே நடக்கும் அழற்சி. சில வெள்ளணுக்கள் மூடியின் நாரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. வேறு சில, புதிய நார் நெய்கிற அணுக்களின் வேலையைத் தடுத்துவிடுகின்றன. பழையது கரைகிறது, புதியது வருவதில்லை. பிறகு ஒரு நாள், ரத்த அழுத்தம் சடாரென்று ஏறுகிற ஒரு நேரத்தில், சிலருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, மூடி கிழிகிறது.

கிழிந்த பிறகு நடப்பதெல்லாம் வேகமானது. உள்ளே இருந்த கூழ் ரத்தத்தைத் தொடுகிறது. அந்தக் கூழில் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் நிறைந்திருக்கின்றன. காயம் பட்டுவிட்டது என்று எண்ணித் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன. ஒட்டியவை இன்னும் பலவற்றைக் கூப்பிடுகின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. விரலில் கத்தி பட்டால் நம் உயிரைக் காக்கிற அதே ஏற்பாடுதான். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள தமனிக்குள் அது நடக்கும்போது ஆளைக் கொன்றுவிடுகிறது. காலையில் நாற்பது சதவீதமாக இருந்த இடம் சில நிமிடங்களில் நூறு சதவீதம் ஆகலாம். இடையில் ஐம்பது, அறுபது, எழுபது என்ற படிகளே இல்லை.

மருத்துவ உலகமே இதை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912லேயே, இதயத் தமனியில் ரத்தம் திடீரென்று உறைவதை நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்து எழுதினார். ஆனாலும் 1970கள் வரை வாதம் தீரவில்லை. பெயர்பெற்ற நோய்க்கூறியல் நிபுணர்கள் சிலர், ரத்தக்கட்டி மாரடைப்பின் காரணமே அல்ல, தசை செத்த பிறகு அங்கே உருவாகும் விளைவுதான் என்று உறுதியாகச் சொன்னார்கள். பிணத்தை அறுத்துப் பார்க்கிறவர்களுக்கு எது முந்தி, எது பிந்தி என்று தெரிய வழியில்லை. உயிரோடிருப்பவரிடம் பார்க்க வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவருக்கு ஆஞ்சியோகிராம் செய்வது ஆபத்து என்று அன்று எல்லோரும் பயந்தார்கள்.

பயத்தைத் தாண்டிச் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஸ்போகேன் என்ற ஊரில் மார்கஸ் டிவுட்டும் அவருடைய சகாக்களும். 1980ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இதய மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. வலி தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்ட 126 பேரில் 110 பேருக்குத் தமனி முழுதாக அடைத்திருந்தது. 87 சதவீதம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பார்க்கப்பட்டவர்களிடம் அது 65 சதவீதமாகக் குறைந்திருந்தது. கட்டி பிந்தி வருவதாக இருந்தால் நேரம் ஆக ஆக எண்ணிக்கை கூட வேண்டும், இங்கே குறைந்தது. கட்டிதான் முந்தி. சிலருக்கு உடலே அதைக் கரைத்தும் விடுகிறது. அப்படியானால் நாமும் கரைக்கலாம் என்ற துணிச்சல் அங்கிருந்துதான் பிறந்தது.

அந்தக் கட்டி எப்படிப்பட்ட இடத்தில் உண்டாகிறது என்பதற்கு 1988ல் வில்லியம் லிட்டில் குழுவினர் ஒரு பதில் தந்தார்கள். முன்பே ஏதோ காரணத்துக்காக ஆஞ்சியோகிராம் எடுத்து, பின்னால் மாரடைப்பு வந்து மறுபடி எடுக்க நேர்ந்தவர்களின் படங்களை அருகருகே வைத்தார்கள். புதிதாகத் தமனி அடைத்த 29 பேரில் 19 பேருக்கு, அந்தத் தமனியில் முந்தைய படத்தில் ஐம்பது சதவீதத்துக்கும் குறைவான குறுக்கமே இருந்தது. எழுபது சதவீதத்தை எட்டியவர் ஒரே ஒருவர். "எத்தனை பர்சன்ட்" என்ற கேள்வியால் அந்த 29 பேரில் 28 பேரை முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இது எப்படி என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சிகாகோவின் சீமூர் கிளாகோவ் 1987ல் காட்டியது. சுவருக்குள் திட்டு வளரும்போது தமனி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. தமனியின் குறுக்குவெட்டுப் பரப்பில் நாற்பது சதவீதத்தைத் திட்டு பிடித்துக்கொள்ளும் வரையிலும் நடுவில் உள்ள வழி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆஞ்சியோகிராமில் தெரிவது சாயம் ஓடுகிற அந்த வழி மட்டுமே. சுவருக்குள் தேங்கியிருக்கும் கூழ் அதில் தெரியாது. இரண்டாவது காரணம், உடலின் தற்காப்பு. ஒரு தமனி வருடக் கணக்கில் மெல்லக் குறுகினால் பக்கத்துத் தமனிகளிலிருந்து சிறு கிளைகள் விரிந்து அந்தத் தசைக்கு ரத்தம் தரத் தொடங்குகின்றன. தொண்ணூறு சதவீதக்காரர் சிலருக்கு முழுதாக அடைத்த அன்றுகூட உயிர் தப்பிக்க இந்தக் கிளைகள் உதவும். நாற்பது சதவீதக்காரருக்கு அவை வளர அவசியமே வந்திருக்காது. அவருடைய மூடி கிழிந்தால் அந்தத் தசைக்கு வேறு வழி கிடையாது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17 அதிகாலையில் இறந்தபோது இந்தக் குழப்பம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. முந்தைய நாள்தான் மயங்கி விழுந்திருந்தார். அதற்கும் முந்தைய நாள் கொரோனா தடுப்பூசி போட்டிருந்தார். இதயத்தின் முக்கியமான இடது முன் தமனியில் நூறு சதவீத அடைப்பு என்று மருத்துவமனை அறிவித்தது. "நேத்து வரைக்கும் நல்லா இருந்தவருக்கு ஒரே நாளில் நூறு சதவீதமா?" என்று டீக்கடைதோறும் கேட்டார்கள், சந்தேகம் ஊசி மேல் போனது. ஊசியைக் காப்பாற்றப் பேசியவர்களிலும் பலர், அது பல வருடமாகச் சேர்ந்த அடைப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இரு தரப்பும் அந்தத் தண்ணீர்க் குழாயைத்தான் மனதில் வைத்திருந்தது. வருடக் கணக்கில் சேர்வது சுவருக்குள் இருக்கும் திட்டு. நூறு சதவீதம் என்பது அதன் மேல் நிமிடங்களில் எழும் ரத்தக்கட்டி. அன்றைக்கே இதை ஊருக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பயமில்லாமல் ஊசி போட்டிருப்பார்கள். பின்னர் ஆராய்ந்த அரசுக் குழுவும் தடுப்பூசி காரணமல்ல என்றே சொன்னது.

பேக்கேஜ் பரிசோதனைகளுக்கு வருகிறேன். டிரெட்மில்லில் ஓடவிட்டு இ.சி.ஜி. எடுக்கும் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அது கண்டுபிடிப்பது, ரத்த ஓட்டத்தையே தடுக்குமளவு குறுகிய இடத்தை. ஏறக்குறைய எழுபது சதவீதமும் அதற்கு மேலும். மெலிந்த மூடியோடு காத்திருக்கும் நாற்பது சதவீதத் திட்டு அதில் சிக்காது. "டெஸ்ட் எல்லாம் நார்மல்" என்ற தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பீடியைத் தொடர்கிறவருக்கு அந்தத் தாள் எந்தப் பாதுகாப்பும் தராது. கீழமாசி வீதியில் மூட்டை சுமக்கிறவரும் மேலூரில் வயல்வேலை செய்கிறவரும் ஒல்லியாக, வியர்வை சிந்த உழைக்கிறவர்கள். அவர்கள் திடீரென்று விழும்போது ஊரே திகைக்கிறது: "தொந்தியே இல்லையே, அவனுக்கு எப்படி?" புகை உட்படலத்தைப் புண்ணாக்குகிறது, தட்டணுக்களைச் சீண்டுகிறது. மூடி கிழியாமலே, மேல்படலம் மட்டும் அரிக்கப்பட்டுக் கட்டி உண்டாவதும் உண்டு. புகைக்கிறவர்களிடமும் வயது குறைந்த பெண்களிடமும் இதை அதிகம் பார்த்ததாக விர்மானி குழுவினர் சொல்கிறார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களின் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு 59. குடும்பத்தை இன்னும் கரை சேர்க்காத வயதில் நம் ஆட்கள் விழுகிறார்கள்.

அடுத்தது, குறுகிய தமனியை விரித்து வைக்கும் கம்பிவலைக் குழலான ஸ்டென்ட். இதில் நான் கவனமாகப் பேச வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைத்த தமனியைத் திறந்து வைக்கப்படும் ஸ்டென்ட் உயிர் காக்கிறது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது என்பவருக்கு வலியைத் தணிக்கிறது, அதுவும் உண்மை. இடது முதன்மைத் தமனியிலேயே பெரிய குறுக்கம் இருந்தால் அறுவை சிகிச்சையோ ஸ்டென்டோ தேவைப்படும். நான் மறுப்பது, நிலையான நோயாளி ஒருவர், "எம்பது பர்சன்ட் இருந்துச்சு, ஸ்டென்ட் வச்சு எடுத்துட்டாங்க, இனி அட்டாக் வராது" என்று நம்புவதை. 2007ல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர் இருந்தார்கள். 2020ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் இந்தியா உட்பட 37 நாடுகளின் 5,179 பேர். நல்ல மருந்துகளோடு ஸ்டென்டும் வைத்துக்கொண்டவர்களுக்கும் மருந்துகளோடு நின்றவர்களுக்கும் இடையே மரணத்திலும் மொத்த மாரடைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. குழாய்க் கணக்கு சரியாக இருந்தால் இந்த முடிவு வந்திருக்கவே முடியாது. ஸ்டென்ட் பதினைந்து, இருபது மில்லிமீட்டர் நீளத்தைச் சீராக்குகிறது. நோய் தமனி முழுவதிலும் இருக்கிறது. 2011ல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வில், மாரடைப்புத் தொல்லைக்குக் காரணமான இடங்களுக்கெல்லாம் சிகிச்சை செய்யப்பட்ட 697 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். மறுபடி வந்த தொல்லைகளில் ஏறக்குறைய பாதி வேறு இடங்களிலிருந்து வந்தது. அந்த இடங்களின் ஆரம்பக் குறுக்கம் சராசரியாக 32 சதவீதம்தான்.

என்னோடு வாதிடுகிற மருத்துவ நண்பர்கள் சொல்லும் ஒரு நியாயத்தை மறைக்க மாட்டேன். தனித்தனியாக எடுத்தால், தொண்ணூறு சதவீதத் திட்டில் கட்டி உண்டாகும் வாய்ப்பு முப்பது சதவீதத் திட்டைவிட அதிகம்தான். ஆனால் ஒருவரின் தமனிகளில் தொண்ணூறு ஒன்று இருந்தால் முப்பதும் நாற்பதும் ஏராளமாக இருக்கும். அந்தப் பெருங்கூட்டத்தில் எது கிழியும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான கருவி இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே எல்லாத் திட்டுகளையும் ஒருசேர அடக்குவது ஒன்றே வழி. அதைத்தான் மாத்திரை செய்கிறது. ஸ்டாட்டின் மாத்திரையால் திட்டின் அளவு கொஞ்சம்தான் குறைகிறது; கொழுப்புக் கூழ் வற்றுகிறது, அழற்சி தணிகிறது, மூடி தடிக்கிறது. எல்.டி.எல். சுமார் 40 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகப் பெரும் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். திரும்ப ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தால் அதே நாற்பது சதவீதம்தான் தெரியும். "மாத்திரை சாப்பிட்டும் குறையலையே" என்று விட்டுவிடுகிறவர், அந்த மாத்திரை செய்துகொண்டிருந்த வேலையைப் பார்க்கத் தவறுகிறார்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிய கஷாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுரையில் அது நுழையாத வீடு குறைவு. குழாய்க்குள் ஒட்டியிருப்பதைக் கரைத்துக் கழுவிவிடும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் தத்துவம். ஒட்டியிருந்தால்தானே கழுவ? சுவருக்குள் நார்மூடிக்கு அடியில் இருப்பதை எந்தக் கஷாயமும் போய்க் கழுவாது. சமையலில் பூண்டை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கட்டும். அதை நம்பி ஸ்டாட்டினையும் ஆஸ்பிரினையும் நிறுத்துகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு ஆறவில்லை.

குழாய் நம்பிக்கை செய்யும் மிகப் பெரிய கேடு, வலி வருகிற நேரத்தில் நடக்கிறது. அடைப்பு மெல்லத்தான் வரும் என்று நம்புகிறவருக்கு அவசரம் தோன்றாது. "போன மாசம்தான் செக்கப் பண்ணேன், இது கேஸ்தான்" என்று சோடா குடிப்பார். ஓமத் தண்ணீர், ஜெலுசில், முதுகில் தைலம் என்று ஒவ்வொன்றாக முயல்வார். இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு வந்தால் மேல்வயிற்று வலியும் குமட்டலும் வாந்தியும் வருவது சகஜம். கேஸ் என்றே தோன்றும். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத் திணறலுமாக வரலாம். உள்ளே அந்த நேரத்தில் கட்டி தமனியை மூடிக்கொண்டிருக்கிறது. ரத்தம் நின்ற அரைமணி நேரத்துக்குள் தசையின் உட்பகுதி சாகத் தொடங்குகிறது. அங்கிருந்து வெளிப்பக்கமாகச் சாவு பரவி, ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்து 2008ல் வெளியான கிரியேட் ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். அதே ஆறு மணி நேரம்.

கட்டிதான் எதிரி என்று தெரிந்துகொண்டால் கையில் ஆயுதமும் இருக்கிறது. 17,187 நோயாளிகளோடு நடந்த ஐசிஸ்-2 ஆய்வு 1988ல் இதைக் காட்டியது. ஐந்து வார முடிவில், எந்த மருந்தும் பெறாதவர்களில் 13.2 சதவீதம் பேர் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்திருந்தார்கள். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் ஆஸ்பிரினும் பெற்றவர்களில் அது 8 சதவீதம். ஆஸ்பிரின் தனியாகவே கிட்டத்தட்ட ஊசிக்குச் சமமான பலன் தந்தது. தமிழக அரசு 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் இந்த அறிவின் மேல் கட்டப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அடோர்வாஸ்டாட்டின் எட்டு. முதல் இரண்டும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. மூன்றாவது திட்டை அடக்கத் தொடங்குகிறது.

இதற்கும் ஒரு மறுப்பு எங்கள் பக்கத்து ஊர்களில் உண்டு. "அங்க ஹார்ட் டாக்டரா இருக்காரு? நேரா மதுரைக்கே தூக்கிட்டுப் போயிருவோம்" என்று வாடகைக் கார் தேடுவார்கள். கார் கிடைத்து, உசிலம்பட்டியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வந்து, நகர நெரிசலைக் கடந்து, பனகல் சாலையில் பெரியாஸ்பத்திரிப் பக்கம் திரும்பும்வரை நோயாளியின் உடலில் ஒரு மருந்தும் போயிருக்காது. தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசாரி முதலிய இதய மருத்துவர்கள் இதே தமிழ்நாட்டில் 35 சிறிய மருத்துவமனைகளை 4 பெரிய மையங்களோடு இணைத்துப் பார்த்தார்கள். அருகிலுள்ள இடத்திலேயே இ.சி.ஜி., தேவைப்பட்டால் அங்கேயே கட்டியைக் கரைக்கும் ஊசி, அதன் பிறகு ஆஞ்சியோவுக்குப் பெரிய மையம் என்பது ஏற்பாடு. 2017ல் வெளியான முடிவில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். உசிலம்பட்டிக்காரர் முதலில் போக வேண்டியது உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்குத்தான். 108ஐக் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். அங்கே இ.சி.ஜி. பார்த்து மருந்து கொடுத்து ஏற்றி அனுப்பினால், செக்கானூரணியை வண்டி தாண்டுவதற்குள் ஆஸ்பிரின் தட்டணுக்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியிருக்கும்.